ஆரோக்கியசெல்வி வலித்த படகு

அத்தியாயம் 9

போன வாரம் ஸ்டெஃபியை ஒரு மாதிரியான இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். அழுதுகொண்டே பேசிய ஒரு பெரியவரின் போனைப் பாதியில் துண்டித்துவிட்டு, ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆசைப்பட்டுப் போன வேலைதான் அது. மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி. ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஸ்டெஃபி மேடம் இருக்காங்களா?" என்று பேர் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாளைக்கு நூறு போன் ஆனது, நூற்றிருபது ஆனது. படுத்தால் காதுக்குள் மணி அடித்தது. பெங்களூரை விட்டு ஏற்காட்டு மலையில் இருக்கிற கிளியூர் வீட்டுக்கு வந்து, இங்கிருந்தே மதியம் பன்னிரண்டில் இருந்து இரவு ஒன்பது வரை வேலை பார்க்கிறாள். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

இரண்டு முறை லீவு கேட்டாள். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். போனைப் பாதியில் துண்டித்தால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை வேலை போய்விடும். ஒன்று ஆகிவிட்டது.

லீவுக்குப் பதிலாகக் கம்பெனி ஒரு மானைக் கொடுத்திருந்தது.

ஆபீஸ் போனில் இருக்கிற மான். கூடவே கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தால் மான் மலை ஏறும். நடக்காவிட்டால் படுத்துக்கொள்ளும். வேலை செய்து நொந்தவர்களுக்குத் தெம்பு வர இது ஒரு விளையாட்டாம். மாதக் கடைசியில் யாருடைய மான் உச்சியில் நிற்கிறதோ அவருக்கு ஐந்து நாள் லீவு. ஒரு போன்கூட வராது.

"லீவு வேணும்னா ஓடிக் காட்டணுமாம்" என்று ஸ்டெஃபி பட்டையை இரண்டே நாளில் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டாள். வேலைக்கு லேப்டாப்பும் ஹெட்போனும்தான்; ஆபீஸ் போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது, அதை அவள் தொடுவதே இல்லை.

இன்றைக்கு அந்தப் போட்டியின் கடைசி நாள்.

காலை ஒன்பதரைக்கு டீம் லீடர் சுஜாதா கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் இருந்து வேலை பார்க்கிறவள்.

"ஸ்டெஃபி! ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

ஸ்டெஃபிக்கு உடனே அந்த எச்சரிக்கைதான் ஞாபகம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இரண்டாவது போனையும் துண்டித்துவிட்டேனா? "என்னங்கக்கா ஆச்சு?"

"நீங்கதான் முதல்! நேத்து மட்டும் மூணு மணி நேரம் நாற்பது நிமிஷம் துடுப்பு வலிச்சிருக்கீங்க. பதினோரு நாளா விடாம! நடந்தா ஒரு புள்ளி, துடுப்புக்கு மூணு புள்ளி. உங்க மான் உச்சில நின்னு எங்களையெல்லாம் திரும்பிப் பாக்குது."

"துடுப்பா?"

"ஏற்காட்டு ஏரிதானே? அந்தக் குளிர்ல காலைல படகு வலிச்சிட்டு, மதியம் வந்து நூறு போன் எடுக்கறீங்க. பெரிய மேனேஜர் அசந்துட்டார். பதினொன்றரைக்கு வீடியோல வர்றார். படகுல உக்காந்துட்டே பேசுங்க, நல்லா இருக்கும். ஐந்து நாள் லீவு உங்களுக்குத்தான்."

ஸ்டெஃபி கடைசியாகப் படகில் ஏறியது ஆறாம் வகுப்பில். அன்றைக்கு வாந்தி எடுத்தாள்.

அப்பா அருள்சாமி, மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர், முதல் நடை முடிந்து டீ குடிக்க வீட்டுக்குள் வந்தார். மகள் ஜன்னல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சீப்பும் செபமாலையும்தான் இருந்தன.

"அப்பா, இங்க ஒரு கறுப்புப் பட்டை இருந்துச்சு. பாத்தீங்களா?"

"அதா? உங்கம்மா கையில கட்டீட்டுப் போறாளே தெனமும்."

"அம்மாவா?"

"ஆமா. சாயங்காலம் வந்து கழட்டி வெக்கறா. எஸ்டேட்டுல கூட வேலை பாக்கற அந்தக் கண்ணாயி எதோ மந்திரிச்சுக் குடுத்த கயிறுன்னு நெனச்சேன். கிறிஸ்துமஸ் வருது, ஃபாதர்கிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நாலு நாளா ஒரே யோசனை."

ஸ்டெஃபி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். துடுப்பு, உச்சி, மேனேஜர், ஐந்து நாள். அருள்சாமி டீயை ஆற்றி ஆற்றிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"இதுல என்ன சாமி கஷ்டம்? ஏரில படகு விடற பையனுங்க அத்தனை பேரும் என்ற ஜீப்புல வந்தவனுங்கதான். ஏறி உக்காந்துக்க. அந்த ஆளு பேசறப்ப ரெண்டு இழு இழு. அவ்வளவுதான், அஞ்சு நாள் லீவு."

"பொய்யில்லைங்களா அப்பா?"

"படகு நெசம், ஏரி நெசம், நீ நெசம். பொய் எங்க இருக்குது?"

ஐந்து நாள். மணி அடிக்காத ஐந்து நாள். அதை நினைத்ததும் ஸ்டெஃபியின் தோள் தானாகத் தளர்ந்தது.

"பட்டை வேணுமேப்பா. கையில இல்லைன்னா கேப்பாங்க."

"ஏறு வண்டில."

அம்மா வேலை பார்க்கிற காப்பி எஸ்டேட்டின் கேட்டில் ஜீப் நின்றபோது மணி பத்து ஐம்பது. பின்னால் மூன்று பேர், கூடவே ஒரு மூட்டை பீன்ஸ். "ஓடீட்டு வா கண்ணு. இவங்கள நான் பேசியே உக்கார வெச்சுக்கறேன்" என்றார் அருள்சாமி.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சரிவுப் பாதை. கீழே ஒரு பர்லாங்குக்கு மேல் இறங்க வேண்டும். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. ஸ்டெஃபி மூன்று வாரமாக அறையை விட்டு இவ்வளவு தூரம் வந்ததில்லை. பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், கீழே அம்மாவைப் பார்த்தாள்.

ஆரோக்கியசெல்வி இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். கையை முன்னே நீட்டுகிறாள். கிளையை நெஞ்சுக்கு இழுக்கிறாள். பழுத்ததை மட்டும் எடுத்துப் பையில் போடுகிறாள், கிளையை விடுகிறாள். மறுபடி நீட்டுகிறாள், இழுக்கிறாள். அவசரமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. மணிக்கட்டில் கறுப்புப் பட்டை.

பட்டைக்குக் கண் இல்லை. அதற்குத் தெரிந்தது கையின் போக்குவரத்து மட்டும். முன்னே போய், நெஞ்சுக்கு வந்து, திரும்பப் போகிற கையை அது படகில் ஏற்றிவிட்டது.

ஸ்டெஃபிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தனியாக நின்று சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏ செல்வி, உன்ற புள்ள மரத்தப் புடிச்சுட்டுச் சிரிக்குது பாரு" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த கண்ணாயி. "பகல்ல பொண்ணு வெளிய வந்துருக்குதே, மழைதான் வரப்போகுது."

"நீ எங்க கண்ணு இங்க? சாப்புட்டியா?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

ஸ்டெஃபி மெல்ல இறங்கி வந்தாள். "அம்மா, கையில என்ன?"

ஆரோக்கியசெல்வி கையைப் பின்னால் ஒளித்தாள். திருடி அகப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தது முகம். "கெடுத்துப்புட்டனா? தண்ணி படாமத்தான் வெச்சுருந்தேன்."

"கெடல. எதுக்குக் கட்டுனே?"

"அது படுத்துக் கெடந்துச்சு சாமி."

"எது?"

"மானு. டிவி பக்கத்துல. ரெண்டு நாள் பாத்தேன், எந்திரிக்கவே இல்ல. இதக் கட்டீட்டுக் கைகால அசைச்சா அது எந்திரிக்கும்னு நீதானே அது வந்தன்னைக்குச் சொன்னே?"

"அது படம்மா!"

"படந்தான். எனக்குத் தெரியாதா? ஆனா அடியில எழுதீருந்துச்சு. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். 'நான் சோர்ந்திருக்கிறேன். என்னோடு நடப்பீர்களா?'"

"அது எல்லாருக்கும் அப்படித்தான் போடும். கம்பெனி எழுதி வெச்சது."

"இருக்கட்டுமே. உன்னக் கேட்டா ஒன்னுமில்லம்மா, ஒன்னுமில்லம்மாங்கறே. அதாச்சும் வாயத் தொறந்து சொல்லுச்சு."



ஆரோக்கியசெல்வி பட்டையைக் கழற்றினாள். பழச்சாறு பட்டுப் பட்டை விறைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தன. சேலை ஓரத்தில் பட்டையை நன்றாகத் துடைத்து மகளிடம் நீட்டிவிட்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத் தடவிக்கொண்டாள். பழம் பறிக்கிறவர்களுக்கு இடுப்புக்கு முன்னால் கழுத்துதான் போகும். அண்ணாந்து பார்த்தே போகும்.

மேலே ஜீப் ஹார்ன் அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. மணி பதினொன்று ஐந்து. இப்போது ஓடினால் ஏரிக்குப் போய்விடலாம்.

"போ கண்ணு, அப்பா கூப்புடறாரு."

ஸ்டெஃபி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏரியில் உட்கார்ந்து, அம்மா இழுத்த இழுப்பைத் தான் இழுத்ததாக இழுத்துக் காட்ட வேண்டும். இரண்டே இழுப்புதான். அப்பா சொன்னதுபோல அதில் படகு நிஜம், ஏரி நிஜம். கை மட்டும் பொய்.

ஹார்ன் மூன்றாவது முறை நீளமாக அடித்தது. அதன்பின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பீன்ஸ் மூட்டைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது போல.

"அப்பா போயிட்டாரும்மா."

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கறே?"

பதினொன்றரைக்கு, அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஆபீஸ் போன் அடித்தது. அந்த மணியைக் கேட்டதும் வழக்கம்போல ஸ்டெஃபியின் உள்ளங்கை வியர்த்தது. ஆனால் எடுத்தாள். பதினான்கு முகங்கள் கட்டம் கட்டமாக வந்து நின்றன. நடுக்கட்டத்தில் வெள்ளைச் சட்டையில் பெரிய மேனேஜர்.

கண்ணாயி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "யாரு கண்ணு இவங்கெல்லாம்? தபால் தலையாட்டம் இருக்காங்க."

"வாழ்த்துகள் ஸ்டெஃபி!" என்றார் மேனேஜர். "படகு எங்கே? ஒரே செடியா தெரியுதே."

"சார், படகு இல்லை." என்றாள் ஸ்டெஃபி.  "நான் பதினோரு நாளா ஜன்னல்கிட்டகூடப் போகலை. பட்டையைக் கட்டிக்கிட்டது என்ற அம்மா. எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும். அவங்க இங்க காப்பிப் பழம் பறிக்கறாங்க. உங்க மெஷின் அதைத் துடுப்புன்னு நெனச்சிருச்சு."



"அப்ப இத்தனை நாளும் எங்களை ஏமாத்திட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

ஆரோக்கியசெல்வி சட்டென்று போனுக்கு முன்னால் வந்தாள். "ஏனுங்க சார், புள்ளையத் திட்டாதீங்க. கட்டுனது நானுங்க. மான் படுத்துருந்துச்சுங்க, பாக்கப் பாவமா இருந்துச்சுங்க."

யாரோ ஒருவர் குபீரென்று சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்த சிரிப்பு, அதனால் ரொம்பச் சத்தமாக வந்தது. அது மற்றக் கட்டங்களுக்கும் பரவியது.

"நானுந்தான் பக்கத்துல பறிக்கறேன்" என்றாள் கண்ணாயி. "எனக்கு ஒரு மானும் தரக் காணோம்."

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குப் பரிசு வேண்டாம் சார்" என்றாள் ஸ்டெஃபி.  "ரெண்டாவதா இருக்கற ஃபெபிக்குக் குடுங்க. அவ நெசமாவே நடந்தா. ஆனா எனக்கு லீவு வேணும். மூணு வாரமா தூங்கலை. அடுத்து அழுதுட்டுப் பேசறவங்க போனையும் வெச்சிருவேனோன்னு பயமா இருக்குது. ஜெயிச்சதுக்காகக் கேக்கலை. முடியாததால கேக்கறேன்."

மேனேஜரின் கட்டம் கறுத்துப் போனது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் அணைந்தன.

ஆரோக்கியசெல்வி மகளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேல போயிருச்சா கண்ணு?"

"தெரியலையேம்மா."

ஐந்து நிமிடத்தில் சுஜாதா தனியாகக் கூப்பிட்டாள். 

"ஸ்டெஃபி, என் மான் எத்தனை நாளா படுத்திருக்கு தெரியுமா? பத்தொன்பது நாள்."

"அக்கா..."

"உங்க லீவை ரெண்டு தடவையும் தள்ளுனது நான்தான். மேல அனுப்பவே இல்லை. எனக்கே குடுக்கலை, இவளுக்கு எப்படின்னு ஒரு கோபம். அசிங்கமான கோபம்தான். இன்னைக்கு அனுப்பிட்டேன். என்னோடதையும் சேர்த்து."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"எதுவும் சொல்லலை. போன் பேசிட்டே இருக்கார். அது நல்லதா கெட்டதான்னு எனக்கும் தெரியலை. உங்க மதிய போன் எல்லாம் இன்னைக்கு நான் எடுத்துக்கறேன். நீங்க செடிகிட்டயே இருங்க. அப்பறம்..." சுஜாதா சிரித்தாள். "அம்மாகிட்டச் சொல்லுங்க, எனக்கும் கொஞ்சம் வலிச்சு விடச் சொல்லி."

ஸ்டெஃபி வீட்டுக்குப் போகவில்லை. கண்ணாயி ஒரு சாக்குப் பையை அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். பச்சையை விட்டுச் சிவப்பை மட்டும் எடுக்கச் சொன்னாள். முதல் பத்து நிமிடத்தில் ஸ்டெஃபி பச்சையும் இலையும் சேர்த்துப் பறித்தாள். "இதக் கொண்டுபோயி கணக்கு எழுதற ரைட்டர்கிட்டக் காட்டுனா உன்ற பேரோட என்ற பேரையும் அடிச்சுருவாரு" என்று கண்ணாயி ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிப் போட்டாள்.

சாயங்காலம் எடை போடும்போது ரைட்டர் ஸ்டெஃபியின் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பழமா, பிரசாதமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெஃபியும்.

அம்மாவும் மகளும் மூன்று கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பட்டை இப்போது ஸ்டெஃபியின் கையில் இருந்தது. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அருள்சாமி, ஸ்டூல் மேல் நின்றபடியே கேட்டார்: "ஏரிக்குப் போகலயா? அந்தப் படகுப் பையன் உனக்காக ரெண்டு டூரிஸ்ட்ட விட்டுட்டு நிக்கறான்!"

"ஏரி எங்கயும் போயிராதுங்க. மொதல்ல எறங்குங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

ஸ்டெஃபி காப்பி குடிக்க உட்கார்ந்தாள். பாதி டம்ளரிலேயே, உட்கார்ந்த இடத்தில், சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மணி ஆறரைதான். ஆரோக்கியசெல்வி சத்தமில்லாமல் தலையணை வைத்துக் கிடத்தினாள். செருப்பைக்கூட அவள்தான் கழற்றினாள்.

அப்போதுதான் ஆபீஸ் போன் ஒரு முறை சிணுங்கியது. அருள்சாமி எடுத்து, கையை நீட்டி, தூரத்தில் வைத்து வாசித்தார்.

"'உங்கள் லீவு விஷயமாகத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் பேசுவார். உங்கள் தாயாரும் கண்டிப்பாக உடன் இருக்க வேண்டும்.'"

"நானா? நான் எதுக்குங்க?"

"அது போடல."

"திட்டறதுக்கா?"

"திட்டறதுக்கு எதுக்கு பத்து மணி? இன்னைக்கே திட்டீருக்கலாமே."

ஆரோக்கியசெல்வி அடுப்புப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஏனுங்க, திங்கக்கெழம பறிப்பு இருக்குது. பழம் உதிர்ற நேரத்துல ரைட்டர் ஒருத்தரையும் விடமாட்டாரு. இவளுக்கு லீவு வாங்க நான் லீவு போடணும். எனக்கு யாருங்க லீவு வாங்கறது?"

அருள்சாமியின் முகத்தில் அந்த வெளிச்சம் வரப் பார்த்தது.

"வேண்டாம்" என்றாள் அவள். "நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க."

போனைக் கீழே வைக்கப் போனவர், திடுக்கிட்டு அவளிடம் காட்டினார். "செல்வி, இங்க பாரு. மறுபடியும் படுத்துக்கிச்சு!"

மான் மலை உச்சியில் காலை மடக்கிப் படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. ஆரோக்கியசெல்வி போனை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். இந்த முறை வேறு வரி.

'நன்றாக நடந்தோம். உறங்குகிறேன்.'

இரண்டாவது முறையும் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு போனின் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அவரிடமே கொடுத்து, திரும்ப வாங்கி, செபமாலைக்குப் பக்கத்தில் ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள்.

"திங்கக்கெழமைக்கு ரெண்டு நாள் கெடக்குது" என்றாள். "எழுப்பாதீங்க."